பதினேழாவது குடம்

"விடை சரியாத்தான் வந்துச்சு, அம்மா. மனசுதான் ஆறமாட்டேங்குது. ஏன்?"

கேட்டவர் தில்லைநாயகம். சீடர். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது; மீசை முழுக்க நரை.

கேட்கப்பட்டவள் உமையாள். குரு. அவளுக்கு இன்னும் ஒரு முடிகூட வெளுக்கவில்லை.

கள்ளியேந்தல் கண்மாயின் மறுகரையில் ஒரு பாழடைந்த சத்திரம் உண்டு. குருவும் சீடரும் இருந்தது அங்கேதான். இந்தக் கூத்தைப் பார்ப்பதற்கென்றே சிலர் அங்கே வரைக்கும் நடந்து வருவார்கள். இதில் யார் குரு என்று விசாரிப்பார்கள். பதிலைக் கேட்டதும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

தில்லைநாயகம் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஒரு சமஸ்தானத்து நெல் களஞ்சியத்தில் கணக்குப் பிள்ளையாக இருந்தவர். தெரிந்த எண்ணை வைத்துத் தெரியாத எண்ணைப் பிடிக்கிற வித்தை ஒரு பெண்ணிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, சாவிக்கொத்தை மேஜை மேல் வைத்துவிட்டுப் புறப்பட்டு வந்துவிட்டார்.

வித்தை ரொம்ப எளிது. உமையாள் மணலில் கணக்கை எழுதுவாள். தெரியாத எண் எங்கே வர வேண்டுமோ, அங்கே ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பாள்.

"உள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனா இருக்கு," என்பாள்.

பிறகு மணலில் இந்தப் பக்கம் கொஞ்சம் அழிப்பாள். அதே அளவு அந்தப் பக்கமும் அழிப்பாள். கடைசியில் சிரட்டை ஒரு பக்கம் தனியாக நிற்கும். மறுபக்கம் ஓர் எண் நிற்கும். சிரட்டைக்குள் இருந்தது அந்த எண்தான்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது தில்லைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வர முடியும் என்று அதுவரை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

அப்புறம் அவருக்கு வேகம் வந்தது. வேகத்தோடு கொஞ்சம் மிதப்பும் வந்தது. சந்தைக்குப் போகிற வியாபாரி வாயை மூடுவதற்குள் இவர் விடையைச் சொல்லிவிடுவார். ஒன்று என்ன விலை, மொத்தம் எவ்வளவு, வகு, முடிந்தது. சிரட்டையைத் தேடி எடுக்கக்கூடப் பொறுமை இல்லாமல் போயிற்று.

அடுத்த பாடம் படிக்கட்டு என்று உமையாள் சொல்லியிருந்தாள். எப்போது என்று கேட்டதற்கு, அதுவாக வரும் என்று சொல்லிவிட்டாள்.

அன்று காலை அது வந்துவிட்டது.

கள்ளியேந்தல் அம்பலம் ஆள் அனுப்பியிருந்தார். அந்தப் பக்கத்தில் ஊர்த் தலைவரை அம்பலம் என்றுதான் சொல்வார்கள். மழை பொய்த்துக் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதன் நடுவில், பாறை இடுக்கில், ஓர் ஊற்று மட்டும் கசிந்துகொண்டிருந்தது. ஊர் மொத்தமும் அதை நம்பித்தான் இருந்தது.

பஞ்ச காலத்துக்கென்று அந்த ஊரில் ஒரு வழக்கம். நாளொன்றுக்கு ஒரு வீட்டுக்கு ஆறு குடம் தண்ணீர் சும்மா. ஆறுக்கு மேல் பன்னிரண்டு வரைக்கும், குடத்துக்கு ஒரு கூடை வண்டல் மண்ணைக் கண்மாய்க்குள்ளிருந்து வெட்டிச் சுமந்து கரையில் கொட்ட வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் போனால் குடத்துக்கு மூன்று கூடை.

காசு கிடையாது. தண்ணீருக்கு மண்தான் விலை. அதிகம் எடுக்கிறவர் கண்மாயை ஆழமாக்கட்டும், அடுத்த மழை அதில் கூடுதலாகத் தங்கட்டும் என்று எந்த மகராசன் யோசித்தானோ தெரியவில்லை. அவனை நினைத்தால் இப்போதும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஊரில் யாரும் ஏழு, எட்டுக் குடத்தைத் தாண்டியதில்லை. தாண்டியவள் ஒருத்திதான்.

இருளாயி. ஊருக்கு வெளியே பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், புளியமரத்தடியில் தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தவள். வழிப்போக்கர் யார் வந்தாலும் ஊற்றுவாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஒரு குடமும் தலைக்கு ஒரு சும்மாடும்தான் சொத்து.

ஊற்று வற்ற வற்ற அவள் குடம் ஊரார் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. நம் வீட்டில் சோறு வடிக்கவே தண்ணீரில்லை, இவள் ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் வாரி இறைக்கிறாளே என்று முணுமுணுத்தார்கள். ஆனால் அதைக் குற்றம் என்று சொல்ல முடியவில்லை. விலை கொடுத்துத்தான் எடுக்கிறாள். சரியான விலைதானா என்று பார்த்துவிட்டால் என்ன என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. பார்ப்பதற்குப் படித்தவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறாரே.

ஊற்றுக்குக் காவல் வீரணன். முந்தின நாள் கணக்கை அவன் சொன்னான். இருளாயி எடுத்தது பதினேழு குடம். சுமந்தது இருபத்தொரு கூடை.

தில்லைநாயகம் வழக்கத்தைக் கேட்டுக்கொண்டார். ஒரு மூச்சுகூட விடவில்லை.

பன்னிரண்டைத் தாண்டிவிட்டாள், ஆகவே குடத்துக்கு மூன்று கூடை. இருபத்தொன்றை மூன்றால் வகுத்தால் ஏழு. ஏழு குடத்துக்குத்தான் மண் விழுந்திருக்கிறது. மிச்சம் பத்துக் குடமும் திருட்டு.

அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. நெல் களஞ்சியத்தில் ஒரு குவியலுக்கு ஒரே விலை. மேல் மூட்டை என்ன விலைக்குப் போகிறதோ அதே விலைதான் அடி மூட்டைக்கும். பாதி ஆயுசு அப்படியே வகுத்துப் பழகிய கை.

கூட்டத்தில் சிலருக்கு என்னவோ இடித்தது. ஏழு குடம் எடுத்த அன்று தாங்கள் ஒரே ஒரு கூடைதானே சுமந்தோம் என்று ஞாபகம் வந்தது. ஆனால் படித்தவர் சொல்கிறார், அதுவும் இவ்வளவு வேகமாகச் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

வீரணன் வாயெடுத்தான். ஒவ்வொரு குடத்துக்கும் எத்தனை கூடை என்று அவளுக்குச் சொன்னவனே அவன்தான். தன் தலையும் சேர்ந்து உருளுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டான்.

பஞ்சத்தில் தண்ணீர் திருடினால் ஊரில் ஒரே தீர்ப்பு. திருடியவரின் குடத்தை உடைப்பார்கள். உடைத்த பிறகு கண்மாய் நிறைகிற வரைக்கும் அவர் ஊற்றுப் பக்கம் வரக் கூடாது. அதாவது ஊரை விட்டே போய்விட வேண்டும். நாளைக்குப் பொழுது சாய்கிற நேரம் புளியமரத்தடியில் வைத்து உடைப்பது என்று முடிவாயிற்று.

இருளாயி அழவில்லை. யாரையும் ஏசவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப நாளைச் சாயங்காலம் வரைக்கும் தண்ணி எடுக்கலாமில்லங்கய்யா?"

அதைக் கேட்டுவிட்டு வந்த தில்லைநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்ததையெல்லாம் குருவிடம் சொல்லி முடித்துவிட்டு, அவர் மணலில் எழுதிக் காட்டினார். ஒரு பக்கம் மூன்று என்று எழுதி, பக்கத்தில் சிரட்டையைக் கவிழ்த்தார். மறுபக்கம் இருபத்தொன்று.

"ஏழு. இதுல எங்கம்மா தப்பு?"

உமையாள் சிரட்டையை எடுத்துக்கொண்டு, உள்ளங்கையால் மணலைத் துடைத்தாள்.

விரலால் மூன்று படி வரைந்தாள். ஒன்றைவிட ஒன்று உயரம்.

சிரட்டையை அவரிடம் நீட்டினாள்.

"வைங்க."

"எங்க?"

"அதைத்தான் நான் கேக்கிறேன்."

தில்லைநாயகம் சிரட்டையை முதல் படிக்குக் கொண்டு போனார். எடுத்துவிட்டார். மூன்றாம் படிக்குக் கொண்டு போனார். அங்கேயும் கை நிற்கவில்லை.

"உள்ள இருக்கிறதே தெரியாது. அது எந்தப் படியில நிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நிக்கிற படியே தெரியாம, உள்ள ஏழு இருக்குன்னு எப்படிச் சொன்னீக?"

தில்லைநாயகம் சிரட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

உமையாள் எழுந்தாள். நாளைக்கு இருளாயியை உட்கார வைத்துவிட்டு, அவள் எடுக்கிற தண்ணீரை அவரே எடுக்க வேண்டும் என்றாள். மண்ணையும் அவரே சுமக்க வேண்டும். சிரட்டை மடியிலேயே இருக்கட்டும் என்றாள்.

முதுகில் ஒரு பழைய பிடிப்பு இருக்கிறது என்று தில்லைநாயகம் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"வகுக்கிறப்ப வலிக்கலையே," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

*

விடிந்ததும் புளியமரத்தடிக்குப் போய்க் குடத்தைக் கேட்டார்.

இருளாயி பதறிப்போனாள். ஐயா மாதிரி ஆள் இதையெல்லாம் தொடலாமா என்றாள். தன் குருவின் உத்தரவு என்று சொன்ன பிறகுதான் கொடுத்தாள். பழைய சேலையைச் சுருட்டிச் சும்மாடு எப்படிக் கட்டுவது என்று சொல்லிக் கொடுத்தாள். அவள் முகத்தில் கோபம் ஒரு துளி இல்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊற்றில் வீரணன் ஒரு வேப்பங்குச்சியைக் கீழே போட்டான். குடத்துக்கு ஒரு குச்சி, அதுதான் அவன் கணக்கு.

குடம் நிறைந்தது. தில்லைநாயகம் அதை ஓரமாக வைத்துவிட்டு மண்வெட்டியைத் தேடினார்.

"எங்க போறீக?"

"மண்ணுச் சுமக்க."

"முதக் குடத்துக்கு ஏதுங்கய்யா மண்ணு?"

தில்லைநாயகம் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பாதி தண்ணீர் தோளில்தான் வழிந்தது. பார்த்த பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வழிவிட்டார்கள்.

பந்தலில் ஒரு பாய் வியாபாரியும் அவன் மனைவியும் காத்திருந்தார்கள். இருளாயி குடத்துக்குள் கைவிட்டு ஒரு சிரட்டையால் மொண்டாள். குவித்த கைகளில் ஊற்றினாள். போதும் என்று அவர்கள் தலையாட்டும் வரை ஊற்றினாள். அவரவர் வழியே போனார்கள்.

ஆறு குடமும் இப்படியே போயிற்று. ஆடு ஓட்டி வந்தவன் ஆட்டுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டான்.

ஏழாவது குடம் நிறைந்ததும் வீரணன் ஒற்றை விரலைக் காட்டினான்.

தில்லைநாயகம் கண்மாய்க்குள் இறங்கி வெட்டினார். காய்ந்த வண்டல் இரும்பாக இருந்தது. கூடையை ஒருவர் தூக்கிவிட, தலையில் வைத்துக்கொண்டு கரையேறினார். கரை செங்குத்து. மேலே போய்க் கொட்டிவிட்டு நின்றபோது நெஞ்சு படபடத்தது. ஒரு கூடை என்று நேற்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாவது குடம் முடிந்தபோது உச்சி வெயில். அதுவரை அவர் சுமந்தது ஆறு கூடை. கழுத்து ஒரு பக்கமாகத் திரும்ப மறுத்தது. பந்தலில் இருளாயி குடிக்கச் சொன்னாள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். அந்தத் தண்ணீரைக் குடிக்கத் தனக்கு முகமில்லை என்று அவருக்குத் தோன்றியது.

பதின்மூன்றாவது குடத்தை ஊற்றில் அமிழ்த்தப் போனவர் அப்படியே நின்றார்.

"வீரணா, இந்தக் குடத்துக்கு எத்தனை?"

"மூணு."

"முப்பத்து மூணு இல்லையா?"

வீரணன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து, கொஞ்சம் பாறை நிழலில் உட்காரச் சொன்னான்.

தில்லைநாயகம் உட்கார்ந்தார். மடியிலிருந்து சிரட்டையை எடுத்தார்.

நேற்று அவர் சொன்ன தீர்ப்பின்படி, பன்னிரண்டைத் தாண்டினால் எல்லாக் குடத்துக்கும் மூன்று கூடை. பதின்மூன்று மூன்று முப்பத்தொன்பது. ஆறு சுமந்தாயிற்று. ஆகவே இந்த ஒரு குடத்துக்கு முப்பத்து மூன்று கூடை சுமக்க வேண்டும்.

பன்னிரண்டாவது குடத்துக்கு ஒரு கூடை. அதற்கடுத்த குடத்துக்கு முப்பத்து மூன்று. இரண்டு குடத்துக்கும் நடுவில் அப்படியொரு பள்ளத்தை எந்த மகராசன் வைப்பான்? வைத்தது அவனல்ல. நேற்றுக் காலையில், ஒரு மூச்சுகூட விடாமல், அந்தப் பள்ளத்தை வெட்டியவர் தில்லைநாயகம்தான். அதில் விழ இருந்தவள் அங்கே புளியமரத்தடியில் அடுத்த குடம் வருமென்று காத்திருந்தாள்.

ஈர மணலில் மூன்று படி வரைந்தார்.

முதல் படியில் ஆறு குடம். காலையில் அவை சும்மா வந்தன, சும்மாவே போயின. குடித்தவர்களும் போய்விட்டார்கள். இனி யார் எத்தனை குடம் எடுத்தாலும் அந்த ஆறும் திரும்பி வந்து விலை கேட்கப் போவதில்லை.

இரண்டாம் படியில் ஆறு குடம், ஆறு கூடை. அதுவும் முடிந்த கதை.

இருளாயி சுமந்ததோ இருபத்தொன்று. இரண்டு படியும் ஏறியும் தீராத மண். ஆகவே சிரட்டை நிற்க வேறு இடமே இல்லை. அதை மூன்றாம் படியில் வைத்தார். இப்போது கை தயங்கவில்லை.

இருபத்தொன்றில் ஆறு போனால் பதினைந்து. பதினைந்து கூடை, குடத்துக்கு மூன்றாக. ஐந்து குடம். கீழே இருக்கிற பன்னிரண்டோடு ஐந்து.

பதினேழு.

ஒரு குடம் கூடவும் இல்லை, ஒரு குடம் குறையவும் இல்லை.

தில்லைநாயகத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முதலில் வெட்கம்தான் வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு இன்னொன்று வந்தது. அந்தப் பெண் கூட்டவில்லை, வகுக்கவில்லை. ஒவ்வொரு குடமாக எடுத்தாள், வீரணன் காட்டிய விரலுக்குச் சுமந்தாள். அவள் பாட்டுக்கு நடந்த நடையில் எண் இம்மி பிசகாமல் நின்றுகொண்டிருக்கிறது. யாரும் பார்க்காதபோதும் நின்றுகொண்டிருந்தது. சாவிக்கொத்தைப் போட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அவர் தேடியது இதைத்தான்.

எழுந்து அம்பலத்தின் வீட்டுக்கு ஓட வேண்டும் என்று தோன்றியது. இரண்டு எட்டு வைத்தும் விட்டார்.

பிறகு பந்தலில் தண்ணீர் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இன்னும் ஐந்து குடம் இருக்கிறது. மூன்றாம் படியை ஏறாமலே அதைப் பற்றிப் பேசித்தான் நேற்று இவ்வளவும் நடந்தது.

குடத்தை ஊற்றில் அமிழ்த்தினார்.

மூன்று கூடை என்றால் என்ன என்பதைப் பதினான்காவது குடத்தில் முதுகு சொன்னது. பதினைந்தாவதில் முழங்கால் சொன்னது. பதினாறாவதில் சொல்வதற்கு எதற்கும் தெம்பில்லை. ஒரு குடம் தண்ணீர் பந்தலுக்குப் போகிறது, மூன்று தடவை கரையேறுகிறார். மறுபடி ஒரு குடம், மறுபடி மூன்று தடவை.

பொழுது இறங்கியது.

பதினேழாவது குடத்தை நிறைத்து ஊற்றடியில் வைத்துவிட்டு, அதற்குரிய மூன்று கூடையில் கடைசிக் கூடையோடு கரை மேல் ஏறினார். கொட்டினார். நிமிர்ந்தார்.

அங்கிருந்து பார்த்தால் பாதை தெரியும். புளியமரத்தடியில் ஊர் கூடிக்கொண்டிருந்தது. அம்பலம் வந்துவிட்டார். அதற்கும் அப்பால், கிழக்குப் பாதையில், யாரோ ஒருவன் தள்ளாடித் தள்ளாடி வந்துகொண்டிருந்தான்.

தில்லைநாயகம் அவனையே பார்த்தார்.

அவரும் அப்படித்தான் வந்தார். மழை பொய்க்கத் தொடங்கிய வருஷம், இதே பாதையில், இதே நேரத்தில். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. புளியமரத்து வேரில் தலை வைத்து விழுந்தார். ஒரு பெண் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினாள். குடித்தார், குடித்தார், பாதியைத் தலையிலும் கவிழ்த்துக்கொண்டார். எழுந்ததும் சத்திரத்துக்கு வழி கேட்டார். தெரியாத எண்ணைப் பிடிக்கிற அவசரம். அது இருளாயிதான் என்று அவருக்குத் தெரியும். தெரியும், அதற்கு மேல் நினைத்துப் பார்த்ததில்லை.

காலையில் வருகிறவன் குடிப்பது சும்மா வந்த தண்ணீர். உச்சி வெயிலில் வருகிறவன் குடிப்பது ஒரு கூடைத் தண்ணீர். பொழுது சாய்ந்து வருகிறவன் குடிப்பது மூன்று கூடைத் தண்ணீர். ஊற்றுகிறது அதே கை, மொண்டு கொடுக்கிறது அதே சிரட்டை. காலையில் வந்தவனுக்கு எவ்வளவு ஊற்றினாளோ, அந்தியில் வந்தவனுக்கும் அவ்வளவு.

அவர் வந்தது அந்தியில்.

அப்படியானால் அன்றைக்கு ஒருத்தி, அவர் கேட்காமலே, அவர் பெயர்கூடத் தெரியாமல், மூன்று தடவை இந்தக் கரையில் ஏறியிருக்கிறாள். அந்த மண் இங்கேதான் எங்கேயோ கிடக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கும் இல்லை.

தில்லைநாயகம் காலடியைப் பார்த்தார். மிதித்துக்கொண்டு நிற்கக் கூசியது. தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்கவாட்டில் கால் வைத்து வைத்துக் கீழே இறங்கினார்.

*

புளியமரத்தடியில் கூட்டம் விலகி வழிவிட்டது. உடைக்க வேண்டிய குடம் படித்தவரின் தலையில் வந்துகொண்டிருந்தது. தளும்பத் தளும்பத் தண்ணீர்.

அவர் இறக்கி வைத்தார். அம்பலத்தைப் பார்த்தார். வீரணன் பக்கம் திரும்பினார்.

"நான் இன்னைக்கு எத்தனை குடம் எடுத்தேன்?"

"பதினேழு."

"எத்தனை கூடை சுமந்தேன்?"

"இருபத்தொண்ணு," என்றான். பிறகு என்ன தைரியம் வந்ததோ, குடத்துக்குக் குடம் தான் சொன்னபடிதான் ஐயாவும் சுமந்தார், முந்தாநாள் இருளாயியும் அப்படித்தான் சுமந்தாள் என்று உரக்கவே சொன்னான்.

"அப்ப நானும் பத்துக் குடம் திருடியிருக்கேன்," என்றார் தில்லைநாயகம். "என்னையும் சேத்து விலக்கி வைங்க. இல்லாட்டி நேத்து நான் சொன்னது தப்புன்னு எடுத்துக்கங்க. தப்புத்தான். என் தப்பு."

ஒரு கிழவர் முதலில் சிரித்தார். ஏழு குடம் எடுத்த அன்று தான் ஒரே கூடை சுமந்ததை அவர் இப்போது சத்தமாகச் சொன்னார். நேற்றே இடித்தது என்று நாலைந்து பேர் சொன்னார்கள். நேற்று ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அம்பலம் அவர்களைக் கேட்டார். குடத்தை உடைக்க எடுத்து வந்திருந்த கல்லைக் கண்மாய்ப் பக்கம் விட்டெறிந்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

கூட்டம் கலைந்தது.

கிழக்குப் பாதையில் தள்ளாடி வந்தவன் அதற்குள் மரத்தடிக்கு வந்துவிட்டான். இருளாயி அவனை உட்கார வைத்து ஊற்றினாள். அவன் பாதியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். அவள் மறுபடியும் ஊற்றினாள்.

அவனுக்குப் பின்னால் உமையாள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவளும் கை குவித்துக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, சீடரிடம் கையை நீட்டினாள்.

தில்லைநாயகம் மடியிலிருந்து சிரட்டையை எடுத்துக் கொடுத்தார்.

அவள் அதைக் கவிழ்த்துப் பிடிக்கவில்லை. நிமிர்த்தி, தூசியை ஊதிவிட்டு, குடத்துக்குப் பக்கத்தில் இருளாயியின் சிரட்டையோடு வைத்தாள். சத்திரத்தைப் பார்த்து நடந்துவிட்டாள்.

தள்ளாடி வந்தவனும் எழுந்து தன் வழியே போனான். தில்லைநாயகமும் இருளாயியும் மட்டும் மிஞ்சினார்கள். குடத்தில் அடித்தண்ணீர் கொஞ்சம் இருந்தது.

தில்லைநாயகத்துக்கு ஒன்று கேட்க வேண்டும். கனைத்துக்கொண்டார்.

"இருளாயி. நான் முத முதல்ல இந்தப் பக்கம் வந்த அன்னைக்கு, சாயங்காலம், எனக்குத் தண்ணி குடுத்தியே. அது எத்தனையாவது குடம்?"

இருளாயி யோசித்தாள். அவர் இவ்வளவு தூரம் கேட்கிறாரே என்பதற்காக நிஜமாகவே யோசித்தாள்.

"எண்ணலையேங்கய்யா," என்றாள். "விடிஞ்சதுலருந்து ஒரு வாய் குடிக்காம நிக்கிறீக. கையை நீட்டுங்க."